நாற்பத்தொரு பேர் ஊரும் ஒரு கேன் பாலும்

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்த்துவிட்டு வந்த அசோக்குமாருக்கு அதற்கப்புறம் மூன்று நாளாகக் கால் தரையில் பாவவில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் தன் மேல் மோதிய வாழைத்தார்க்காரரிடம் அவனே மன்னிப்புக் கேட்டான். டீக்கடையில் டீயைக் குடித்துவிட்டு, குடித்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொன்று வாங்கிக் குடித்தான். இருபத்தேழு வயதில், சுகாதார இலாகா அலுவலகம் ஒன்றில் புள்ளிவிவர உதவியாளனாக நிரந்தர உத்தியோகம் பார்க்கிறவன் இப்படி ஆகலாமா என்று கேட்டால், ஆகலாம். நீங்கள் பாண்டிச்செல்வியைப் பார்த்ததில்லை.

பஜ்ஜித் தட்டை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அவள் உள்ளே ஓடவில்லை. அங்கேயே நின்று, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள். எந்த ஊரில் எந்த நோய் எத்தனை பேருக்கு என்று கணக்கெடுக்கிற வேலை என்றான். "எண்ணுறதோட சரியா? இல்ல, எண்ணுனதுல எதையாச்சும் பாப்பீகளா?" என்றாள். அவள் வேலாங்குளம் பால் சங்கத்தில் பால் சோதிக்கிறவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அசோக்குமார் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டான்.

அவன் அம்மா ராக்கம்மாளுக்கும் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. "ஆடி போகட்டும் அண்ணே, ஆவணி முதல் வெள்ளிக்குத் தட்டு மாத்திக்கிருவோம்" என்று பெண்ணின் அப்பா பொன்னுத்துரையிடம் பேசி முடித்தாள். ஊரும் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு கரட்டடியில் ஒன்பது வீடு, நாற்பத்தொரு பேர், அதைவிட அதிகமாக மாடு. பெயர் ஒத்தக்கரட்டுப்பட்டி.

இங்கேதான் சனி புகுந்தது. புகுந்த சனியும் வெளியிலிருந்து வரவில்லை, அசோக்குமாரின் சொந்தப் பேனாவிலிருந்தே வந்தது.

அப்போது மாவட்டம் புதுசு. மதுரையிலிருந்து பிரிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புதுவீடு கட்டியவன் கண்ட சுவரிலெல்லாம் ஆணி அடிப்பதுபோல அலுவலகங்கள் எல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தன. அசோக்குமாரின் அதிகாரி முகமது பாரூக் நல்ல மனுஷர். பட்டியல் என்றால் உயிர். மாவட்டத்தில் எந்தெந்த ஊரில் காசநோய் ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வரிசைப்படுத்திக் கேட்டார். அசோக்குமார் ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தால் நேரமாகும் என்று ஊர் எண்களை வைத்தே போட்டு முடித்தான். எண் இருநூற்றுப் பதினேழு முதலிடம். பெயர்களைத் தட்டச்சு செய்தவர் சேர்த்துக்கொண்டார். இவன் சரிபார்த்திருக்க வேண்டும். பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள் எவன் சரிபார்ப்பான்?

புதன்கிழமை மாலைப் பத்திரிகையில் பட்டியல் வந்துவிட்டது.

ராக்கம்மாள் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு மேட்டுத்தெருத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். அந்தத் தொட்டியில்தான் சுற்றியிருக்கிற ஏழெட்டுத் தெருக்காரர்களும் குடம் பிடிப்பார்கள். "எம் மவன் போட்ட லிஸ்ட்டு. பேப்பர்லயே வந்துருச்சு" என்று வரிசை முழுவதற்கும் சொன்னாள். கண்ணாடி கொண்டுபோகவில்லை. பக்கத்து வீட்டு மெஹராஜ்தான் வாங்கிப் படித்தாள்.

"மாவட்டத்தில் காசநோய். முதலிடம், ஒத்தக்கரட்டுப்பட்டி. ஆயிரத்துக்கு இருபத்துநாலு."

"எந்த ஊரு?"

"ஒத்தக்கரட்டுப்பட்டிக்கா. ஒங்க சம்பந்தி ஊரு அதானே?"

குழாயடியில் குடம் நிறைந்து வழிந்தது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

அசோக்குமார் வீட்டுக்கு வந்தபோது அம்மா நடையில் உட்கார்ந்திருந்தாள். மசாலாப் பொடி இடித்து விற்கிற வீடு அது. வற்றல் வறுக்கிற நெடியில் அவளுக்கு இரண்டு மாதமாக இருமல். இருமிக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டா, நீ தப்பாக் கணக்குப் போட்டியா?"

பத்திரிகையைப் பார்த்தான். மனசுக்குள்ளேயே ஒரு தடவை வகுத்தும் பார்த்தான். "இல்லம்மா. சரிதான்."

"சரின்னா அந்தப் பொண்ணு வேணாம்."

"அம்மா, அந்த ஊர்ல ஒரே ஒருத்தருக்குத்தாம்மா."

"ஒருத்தருக்கா? ஆயிரத்துக்கு இருபத்துநாலுன்னு நீதானடா போட்டிருக்க. பேப்பர்க்காரனுக்கு ஒரு கணக்கு, பெத்தவளுக்கு ஒரு கணக்கா? மாவட்டத்துலேயே மொத எடமாம். ஆவணி பொறக்கட்டும், ஒனக்கு வேற எடம் பாக்குறேன்."

கணக்குத் தப்பென்று சொன்னால் வேலை போய்விடும். சரியென்று சொன்னால் பெண் போய்விடுவாள். இதைத்தான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். பாண்டிச்செல்வி இல்லாத ஆவணியை அவனால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு ஆத்தூர் ரோட்டில் இறங்கி வேலாங்குளம் நடந்தான். பால் சங்கத்து வாசலில் வரிசையாகத் தூக்குப்போணிகள். உள்ளே மேஜைக்குப் பின்னால் பாண்டிச்செல்வி. ஒரு கண்ணாடிக் குழாயில் பாலையும் அமிலத்தையும் விட்டு மூடி, கைப்பிடி மெஷினில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் சுற்றுவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் வேகமாகச் சுற்றினாள் என்றுகூடச் சொல்லலாம்.

"வாங்க சார். மொத எடம் குடுத்தவுக வந்திருக்காக, எல்லாரும் பாத்துக்கங்க."

"நான் வேணும்னு..."

"எங்க ஊர்ப் பாலு இருபத்துமூணு லிட்டரு. நேத்து சாயங்காலம் வண்டிக்காரன் தொட மாட்டேன்னுட்டான், சண்ட போட்டுத்தான் ஏத்துனேன். இருமுறது எங்க சித்தப்பா சடையாண்டி ஒருத்தரு. அவரும் நாலு மாசமா ஒழுங்கா மாத்திரை போடுறாரு. மாடு எதுவும் இருமல."

"நாப்பத்தொரு பேருல ஒருத்தர். அத ஆயிரத்துக்குப் பெருக்குனா இருபத்துநாலு வந்துருது" என்று முணுமுணுத்தான்.

"ஆயிரம் பேருக்கு எங்க ஊர்ல நான் எங்க போறது? ஆடு கோழியச் சேத்தாலும் எரநூறு தேறாது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அசோக்குமாருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் கொன்றுவிடுவாள் என்று அடக்கிக்கொண்டான். அவள் மெஷினை நிறுத்தி, குழாயை வெளிச்சத்தில் பிடித்து, மேலே மிதந்த கொழுப்பை அளவு பார்த்து நோட்டில் எழுதினாள். எழுதியவள் என்ன நினைத்தாளோ, நோட்டை அவன் பக்கம் திருப்பினாள்.

"இது எங்க செவலை மாடு. திங்கக்கெழம கொழுப்பு மூணு. செவ்வாக்கெழம அஞ்சு. நேத்து மூணரை. மாடு மாறிப்போச்சா?"

"இல்லையே."

"கன்னுக்குட்டி முந்திக்கிட்டுக் குடிச்சிருக்கும். புல்லு மாறியிருக்கும். எதையாச்சும் பாத்து மெரண்டிருக்கும். ஒத்த மாட்ட ஒத்த நா பாத்துட்டு இது நல்ல மாடு, இது கெட்ட மாடுன்னு நான் சொன்னேன்னு வைங்க, இந்தா நிக்கிறாகளே, சும்மா விட்ருவாகளா?" எழுந்துபோய், பெரிய கேனில் நீளக் கரண்டியை விட்டுக் கலக்கி எடுத்துக் காட்டினாள். "இது அத்தன மாட்டுப் பாலும் சேந்தது. இன்னைக்கு நாலு. நேத்து நாலு. முந்தாநா நாலேகாலு. மாடு துள்ளும் சார். கேனு துள்ளாது."

அசோக்குமார் பைக்குள் கையை விட்டுப் பட்டியலை எடுத்து, கேன் மூடி மேல் விரித்து, முழங்காலிட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தான். பால் ஊற்ற வந்தவர்கள் சாமி வந்துவிட்டதோ என்று விலகி நின்றார்கள்.

முதல் பத்து இடம் பிடித்த ஊர்களின் ஜனத்தொகை: நாற்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தாறு, அறுபது. எல்லாம் குஞ்சும் குளுவானுமான ஊர்கள். நோயே இல்லை என்று கடைசியில் கிடந்த ஊர்களைப் பார்த்தான். முப்பத்துமூன்று, நாற்பத்தேழு, ஐம்பது. அவையும் குஞ்சும் குளுவானும்தான். ஆயிரம், இரண்டாயிரம் பேர் இருக்கிற ஊரெல்லாம் சமர்த்தாக நடுவில் உட்கார்ந்திருந்தது. சின்ன ஊரில் ஒருத்தர் இருமினால் முதலிடம், அந்த ஒருத்தர் இருமாவிட்டால் கடைசியிடம். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்!

"துள்ளுது! எல்லாம் துள்ளுது!" என்று கத்திக்கொண்டு எழுந்தான். எழுந்த வேகத்தில் கேனில் இடித்துக்கொண்டான். வலிக்கவில்லை. "ஊரையெல்லாம் சேத்துக் கேன்ல ஊத்தணும்!"

"ஊத்துங்க. யாரு வேணாங்கிறது?" என்றாள். முதல் தடவையாக அவள் முகத்தில் கோபம் இறங்கியிருந்தது.

ஓடப்போனவன் வாசலில் நின்றுவிட்டான். "ஒண்ணு. கேன்ல கலந்துட்டா ஒங்க சித்தப்பா அதுக்குள்ள மறைஞ்சுபோயிருவாரே? அவர அப்பறம் யாரு கவனிப்பா?"

பாண்டிச்செல்வி அவனை ஒரு கணம் நன்றாகப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது. "கேனு கணக்கு வண்டிக்காரனுக்கு. சீக்கு மாட்ட மாட்டு டாக்டருகிட்டக் காட்ட மாட்டுக்குன்னு தனி நோட்டு வச்சிருக்கேன். ரெண்டு நோட்டும் வேணும்" என்றாள்.

அன்று அவன் ஆத்தூர் ரோடு வரை நடந்து வந்தானா பறந்து வந்தானா என்று அவனுக்கே தெரியாது.

பாரூக் சார் லேசில் மசிகிறவர் இல்லை. பட்டியலைக் கலைப்பதா? நோயில்லாத ஊர் என்று கடைசி இடம் பிடித்த காக்காத்தோப்புக்குப் பரிசு கொடுக்க அவர் ஒரு சுவர்க் கடிகாரமே வாங்கி வைத்திருந்தார். அசோக்குமார் வாதாடவில்லை. மதுரையிலிருந்து வந்த பழைய கோப்பைத் தேடி எடுத்துப் போன வருஷத்து எண்களை அவர் முன்னால் வைத்தான். போன வருஷம் கணக்குப் போட்டிருந்தால் மாவட்டத்திலேயே முதலிடம் முப்பத்துமூன்று பேர் கொண்ட ஒரு தோப்பு. காக்காத்தோப்பு!

"ஒரே வருஷத்துல நோயை ஒழிச்சுட்டாங்களா? எப்படி?" என்று பாரூக் சாருக்கு ஆர்வம் தாங்கவில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போய் விசாரித்தார்கள்.

"அந்தப் பெரியவரா? அவரு ஒட்டன்சத்திரத்துல மக வீட்டுக்குப் போயிட்டாருங்களே" என்றார்கள்.

பாரூக் சார் ஜீப்பில் சாய்ந்துகொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். "யா அல்லா! நோய் போகல தம்பி, நோயாளி பஸ் ஏறிப் போயிருக்காரு. அதுக்கு நான் கடிகாரம் குடுக்க இருந்தேன்!" கடிகாரம் அலுவலகச் சுவரிலேயே மாட்டப்பட்டது. அந்த ஒட்டன்சத்திரத்துப் பெரியவருக்கு மாத்திரை தொடர்கிறதா என்று விசாரித்து அன்றைக்கே ஒரு கடிதமும் போனது. ஊர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்ப்பது, ஒரு கட்டுக்குக் குறைந்தது ஐயாயிரம் பேர், மூன்று வருஷத்து நோயாளிகளையும் கூட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று.

சேர்ப்பது என்று சொல்வது எளிது. எந்த ஊரை எந்த ஊரோடு சேர்ப்பது? பாரூக் சார் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். சேதி எப்படியோ ஊருக்குள் போய், வேலாங்குளத்துத் தலைவர் பெரியகருப்பன் ஒரு கூட்டத்தையே பால் சங்கத்து வாசலில் கூட்டிவிட்டார்.

"பட்டினி போட்டாலும் சரி, அந்த மொத எடத்துக்காரன் ஊரோட எங்க ஊரச் சேக்கப்படாது. எங்க பேரு கெட்டுப்போகும்" என்றார். கூட்டம் ஆமாம் போட்டது. விளக்கம் சொல்ல வந்த அசோக்குமார் ஆயிரம், சதவீதம் என்று ஏதோ ஆரம்பித்தான். அவன் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை.

உள்ளேயிருந்து பாண்டிச்செல்வி வந்தாள். கையில் அதே நீளக் கரண்டி.

"ஏன் மாமா, மூணு வருசமா எங்க ஊர்ப் பாலும் ஒங்க ஊர்ப் பாலும் ஒரே கேன்லதானே போகுது?"

"அது பாலு தாயி."

"மேல்கரையிலருந்து கீழ்க்கரை வரைக்கும் பன்னண்டு ஊர்ப் பாலு இந்த ஒரே வண்டியிலதான் திண்டுக்கல்லுக்குப் போகுது. சங்கத்துலருந்து ஒங்க வீட்டுக் காப்பிக்கு மோந்துட்டுப் போறீகளே, அதுல எங்க செவலையும் இருக்கு. பாலு கலந்து கெடாத பேரு, கணக்கு கலந்தாத்தான் கெட்டுப்போகுமா?"

பின்னாலிருந்து யாரோ குபீரென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், கடைசியாகப் பெரியகருப்பனும் சிரித்துத் தொலைத்தார். ஸ்கேல் கோட்டை அழித்துவிட்டு, ஒரு பால் வண்டி போய்வருகிற ஊர்களெல்லாம் ஒரு கட்டு என்று அங்கேயே முடிவு செய்தார்கள். டவுனில் பால் வண்டி கிடையாதே என்று பாரூக் சார் யோசித்தபோது, "ஒரே தண்ணித் தொட்டியில குடம் பிடிக்கிற தெருவெல்லாம் ஒரு கட்டு சார்" என்றான் அசோக்குமார். அதைச் சொன்னபோது அவனுக்குத் தன் மேலேயே ஒரு பெருமை.

ஆடி முழுக்க இரவு பகல் தெரியாமல் கணக்குப் போட்டான். இந்தத் தடவை எண்களை நம்பவில்லை, ஒவ்வொரு பெயரையும் தன் கையாலேயே எழுதினான். ஒத்தக்கரட்டுப்பட்டி இருந்த ஆத்தூர்ப் பால் வண்டிக் கட்டில் ஆறாயிரம் பேர், மூன்று வருஷத்தில் பதின்மூன்று நோயாளிகள். ஆயிரத்துக்கு இரண்டு சொச்சம்! மாவட்டத்திலேயே நல்ல பேர்களில் ஒன்று. மேஜையைத் தட்டித் தாளம் போட்டான். டவுன் கணக்கு மட்டும்தான் பாக்கி. அதையும் போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தான்.

மேட்டுத்தெருத் தொட்டிக் கட்டு. ஐயாயிரம் பேர். முப்பத்தைந்து நோயாளிகள். ஆயிரத்துக்கு ஏழு. முதலிடம்.

தாளம் நின்றது. நான்கு தடவை வகுத்துப் பார்த்தான். முதல் வருஷம் பன்னிரண்டு, அடுத்த வருஷம் பதினொன்று, இந்த வருஷம் இதுவரை பன்னிரண்டு. துள்ளவில்லை. கேன் பால் மாதிரி நின்றது. நெருக்கியடித்த வீடுகள், ஜன்னல் இல்லாத அறைகள் என்று தான் ஓடியாடி வளர்ந்த தெரு அவன் கண் முன்னால் வந்தது. இது ஒருத்தர் இருமிய கணக்கில்லை.

இரண்டு தெருவை எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் சேர்த்துவிட்டால் மேட்டுத்தெரு மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிடும். பென்சிலால் சேர்த்தும் பார்த்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நேரத்தில், எண்ணுவதோடு சரியா என்று பஜ்ஜித் தட்டோடு ஒருத்தி கேட்டது நினைவுக்கு வந்தது. ரப்பரை எடுத்துப் பென்சில் எழுத்தை அழித்தான்.

ஆவணி பிறந்தது. புதுப் பட்டியல் பத்திரிகையில் வந்தது. அசோக்குமார் அம்மாவுக்கு அதில் ஒரே ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டினான். "ஆத்தூர்ப் பால் வண்டிக் கட்டு, ஆயிரத்துக்கு ரெண்டு சொச்சம்."

"ரெண்டா? இருபத்துநாலுன்னாங்க?"

"அது ஒத்த மாடும்மா. இது கேனு."

ராக்கம்மாளுக்கு மாடும் புரியவில்லை, கேனும் புரியவில்லை. எண் இறங்கியது மட்டும் புரிந்தது. வெள்ளிக்கிழமை தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று உடனே சொல்லியனுப்பினாள். செவ்வாய்க்கிழமை பொன்னுத்துரையே வந்து நின்றார். கூட மகளும் தம்பி சடையாண்டியும். கக்கத்தில் மடித்த பத்திரிகை.

"தங்கச்சி, கோவிச்சுக்கிறப்படாது. எங்க கட்டுல ரெண்டு. ஒங்க மேட்டுத்தெருக் கட்டுல ஏழாமே. மொத எடமாம். பெத்த பிள்ளைய எப்படித் துணிஞ்சு அனுப்புறது?"

"யாரு, மேட்டுத்தெருவா?" ராக்கம்மாள் எழுந்துவிட்டாள். "இருபத்தஞ்சு வருசமா இந்தத் தெருவுல குடியிருக்கேன்! எவன் போட்டான் இந்த லிஸ்ட்ட?"

"நான்தாம்மா" என்றான் அசோக்குமார்.

"தப்பாக் கணக்குப் போட்டியா?"

"இல்லம்மா. சரிதான்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல்தான் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று இருமினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வத்தல் நெடி" என்றாள் கடைசியில்.

பாண்டிச்செல்வி அடுப்படியை எட்டிப் பார்த்தாள். "அத்தே, இன்னைக்கு அடுப்பே பத்த வைக்கலையே. ஏது நெடி?"

அவளே தொடர்ந்தாள். "ஒங்க ஊரு எங்க ஊருன்னு எதுக்குப் பேச்சு? வாங்க, ரெண்டு வீட்டு ஆளும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியச் சோதிச்சுப்புடுவோம். ஒருத்தரு பாக்கி இல்லாம. நானும்தான்."

புதன்கிழமை காலை அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்த கூத்தை இன்றைக்கும் அந்தக் குடும்பங்கள் சொல்லிச் சிரிக்கின்றன. பெண் வீட்டார் எதிரே மாப்பிள்ளை வீட்டார், நடுவில் தாம்பூலத் தட்டுக்குப் பதிலாக ஒரு தட்டில் சளி டப்பாக்கள். ஆறாவது மாதம் மாத்திரை சாப்பிடுகிற சடையாண்டிதான் அன்றைக்குக் குரு. "எச்சியத் துப்பாதீக, அது செல்லாது. மூச்ச நல்லா இழுங்க. அடிவயித்துலருந்து வரணும். ஒண்ணு, ரெண்டு, ம்!" என்று கையைத் தூக்கினார். இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். பொன்னுத்துரைக்கு எவ்வளவு முக்கியும் இருமல் வரவில்லை. இருபது வருஷமாகப் பீடி குடித்தும் இந்த ஒரு நாளில் இருமல் கைவிட்டுவிட்டதே என்று அங்கலாய்த்தார். பாண்டிச்செல்வி டப்பாவைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு இருமப் பார்த்து, சிரிப்பு வந்து, மறுபடி முயன்று, மறுபடி சிரித்தாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அசோக்குமார் துப்ப மறந்து விழுங்கிவிட்டான். "மாப்ள, மொதல்லருந்து!" என்றார் சடையாண்டி. ராக்கம்மாள் ஒருத்திதான் ஒரே இருமலில் டப்பாவை நிறைத்தாள். "பாருங்க, அக்கா கெட்டிக்காரி" என்று சடையாண்டி பாராட்டினார். அவளும் பெருமையாகத்தான் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, தேங்காய் பழம் சேலையெல்லாம் தட்டில் எடுத்து வைத்த பிறகு, அசோக்குமார் முடிவுச் சீட்டுகளை வாங்கி வந்தான். ஏழு சீட்டு. ஆறில் கிருமி இல்லை என்று எழுதியிருந்தது. ஏழாவது ராக்கம்மாளுடையது.

அவள் படிக்கச் சொல்லவில்லை. மகன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். பிறகு மெதுவாகத் தட்டை எடுத்துப் பொன்னுத்துரை பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே. ஒங்க தம்பி ஒருத்தரு இருமுனாருன்னு ஒங்க ஊரையே வேணாம்னு சொன்னவ நான். இப்ப எம் வீட்டுக்கு எப்படிக் குடுப்பீக? நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அம்மாவுக்காக அழுவதா, தனக்காக அழுவதா என்று அசோக்குமாருக்குத் தெரியவில்லை. இரண்டு அழுகையும் சேர்ந்துதான் வந்தது. பொன்னுத்துரை மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மகளைப் பார்த்தார்.

பாண்டிச்செல்வி எழுந்து வந்து ராக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் சீட்டோடு கொடுத்துவிட்டிருந்த மாத்திரைப் பொட்டலத்தை அசோக்குமார் கையிலிருந்து வாங்கிப் பிரித்து எண்ணினாள்.

"சித்தப்பா, இது சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

"எனக்கு முந்தித்தான் குடுத்தாக. வயித்தப் பெரட்டும் அக்கா, பத்து நாளைக்கு. அப்பறம் பசி எடுக்கும் பாருங்க, அதுக்குத்தான் எம்புட்டுச் சோறு வெஞ்சனம் வச்சாலும் காணாது. நான் நாலு கிலோ ஏறியிருக்கேன்" என்றார் சடையாண்டி.

"அத்தே, நாளையிலருந்து காலையில நீங்க மாத்திரையப் போட்டுட்டுத்தான் ஒலக்கையத் தொடணும். நான் இங்க வார வரைக்கும் ஒங்க மவன் எண்ணிக் குடுப்பாரு. அவருக்கு எண்ணத்தான் நல்லா வருமே." பாண்டிச்செல்வி தட்டை மறுபடி நடுவில் இழுத்து வைத்தாள். மாத்திரைப் பொட்டலத்தையும் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "மாத்துங்கப்பா, நேரமாச்சு."

பொன்னுத்துரை மாற்றினார். ராக்கம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணீர் தேங்காய் மேல் விழுந்ததை யாரும் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அசோக்குமார் மேட்டுத்தெருக் கட்டை எடுத்தான். இந்த வருஷத்து நோயாளி, கட்டில் சேர்த்தாக வேண்டும். முப்பத்தைந்தை அடித்து முப்பத்தாறு என்று எழுதினான். வகுத்தான். அந்தக் கட்டுக்கு வீடு வீடாகப் போய்ச் சோதிக்க ஆள் வேண்டும் என்று பாரூக் சாருக்கு ஒரு குறிப்பு எழுதினான். பாரூக் சார் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை மருந்தை எண்ணிக் கொடுத்தபோது அம்மா கேட்டாள். "லிஸ்ட்டுல எம் பேர ஏத்திட்டியா?"

"பேரு இல்லம்மா. ஆளு மட்டும்."

"நான் ஒருத்தி சேந்ததுல எம்புட்டு ஏறுச்சு?"

"ஏழு, ஏழு புள்ளி ரெண்டாச்சு."

மாத்திரை அவள் உள்ளங்கையிலேயே இருந்தது. "புள்ளி ரெண்டா? அம்புட்டுத்தானா? இந்தத் தெருவுல இருபத்தஞ்சு வருசம் கொழம்புக்குப் பொடி இடிச்சுக் குடுத்தவ நான். அந்தச் சடையாண்டி ஒத்த ஆளா இருபத்துநாலு ஏத்துனாரு!"

அசோக்குமார் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியவில்லை. அம்மா முறைத்தாள், பிறகு அவளுக்கும் தொற்றிக்கொண்டது, சிரிப்பு இருமலானது, இருமல் மறுபடி சிரிப்பானது. அவன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"கேனுக்குத்தாம்மா புள்ளி ரெண்டு" என்றான். "வீட்டு நோட்டுல ஒனக்குத் தனிப் பக்கம் போட்டிருக்கேன். முழுங்கு."

அவள் தண்ணீரை வாங்கி விழுங்கினாள். அவன் நோட்டைத் திறந்து, அன்றைய தேதிக்கு நேரே ஒரு கோடு போட்டான்.